அம்மாவின் கிளினிக் கொப்பி

தம்பி, உங்கள் கேள்வியை நான் இப்படி விளங்கிக்கொண்டேன். நீங்கள் கனடாவில் இருக்கிறீர்கள். அம்மாவுக்கு 68 வயது, வட்டுக்கோட்டையில் தனியாக இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், கூடவே இரத்த அழுத்தம். மாதம் ஒருமுறை விடியப் புறப்பட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் நாலைந்து மணித்தியாலம் காத்திருந்து, டொக்டரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு மருந்துப் பையுடன் திரும்புகிறார். "பணம் அனுப்புகிறேன், தனியாரிடம் காட்டுங்கள்" என்று நீங்கள் சொன்னாலும் அவர் கேட்பதில்லை. அவர் ஏன் மறுக்கிறார், தனியாருக்கு மாற்றுவதா, அங்கிருந்தே நல்ல மருந்தாக வாங்கி அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவை அரசாங்கக் கிளினிக்கில் இருந்து எடுக்காதீர்கள். மருந்து அனுப்பாதீர்கள். நீங்கள் அனுப்ப நினைக்கும் பணத்துக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. முப்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளில் மருந்து யன்னலுக்கு உள்ளே நின்று குளிசை எண்ணிக் கொடுத்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

காய்ச்சல், இருமல் என்றால் யாரிடம் காட்டினாலும் காரியம் நடக்கும். சீனி வருத்தம் அப்படி அல்ல. இருபது, முப்பது வருடம் கூடவே வரப்போகிற வருத்தத்துக்கு, போன மாதம் என்ன நடந்தது என்று தெரிந்த ஓர் இடம் வேண்டும். அம்மாவின் கைப்பையில் பொலித்தீன் உறைக்குள் ஒரு கொப்பி இருக்கும். பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பிபோலத்தான் இருக்கும். பூப்போட்ட கடதாசியால் உறை போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. அதை ஒருமுறை முதல் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்த வருடம் மெட்ஃபோமின் என்ற சீனிக் குளிசை கூட்டப்பட்டது, எந்தக் குளிசைக்கு வறட்டு இருமல் வந்து நிறுத்தினார்கள், எந்த மாதம் எடை குறைந்தது, எப்போது கால் வீங்கியது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் டொக்டர் கண்ணை ஓட்டுவது இந்தப் பக்கங்களில்தான். பன்னிரண்டு வருடக் கதை கையில் இருப்பதால்தான் அந்த இரண்டு நிமிடம் ஓரளவுக்காவது போதுமாக இருக்கிறது. புதிதாக ஓர் இடத்துக்குப் போய் அரை மணித்தியாலம் பேசினாலும் அந்தக் கதை முழுவதையும் அம்மாவால் சொல்லி முடிக்க இயலாது.

2020 ஊரடங்கு நாட்களில் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு கிளினிக்கில் பதிவு இருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. அங்கொரு நாள், இங்கொரு நாள் காட்டிக்கொண்டிருந்தவர்கள் மூடிய கடைகளின் முன்னால் நின்றார்கள்.

மருந்து அனுப்ப வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், ஒரு வீட்டுப் பாயில் நான் பார்த்த காட்சி. ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஊரில் ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு நாளுக்கு முன் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, வாய் குழறி, அடுப்படியில் விழுந்து கிடந்தவர். பக்கத்து வீட்டுப் பெடியன் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்ததால் தப்பினார். "உங்களிடம் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் காட்டுங்கள்" என்றேன். ஒரு சீலைப் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். ஆஸ்பத்திரியின் சிறிய கடதாசி உறைகள் ஏழெட்டு. ஒரு தனியார் மருத்துவர் எழுதிக்கொடுத்து வெளியில் வாங்கிய வெள்ளித்தாள் அட்டைகள். வெளிநாட்டில் இருந்து மகள் அனுப்பிய இரண்டு பெரிய போத்தல்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பாயின் ஓரத்தில் சோடி சோடியாக வைத்தேன். உறைக்குள் இருந்ததும் அட்டையில் இருந்ததும் ஒரே மருந்து, கிளிக்லசைட். ஒன்றில் மருந்தின் பொதுப்பெயர், மற்றதில் கம்பனி வைத்த பெயர். போத்தலில் இருந்தது மெட்ஃபோமின். அதுவும் ஆஸ்பத்திரி உறையில் ஏற்கெனவே இருந்தது. நிறம் வேறு, அளவு வேறு, பெயர் வேறு என்பதால் எல்லாம் வேறு வேறு மருந்து என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதை இரட்டிப்பாகப் போட்டுவிட்டு, இரவில் ஒரு துண்டுப் பாணுடன் படுத்திருக்கிறார். சீனி இறங்காமல் என்ன செய்யும்? "ஏன் அம்மா எல்லாவற்றையும் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "பிள்ளை ஆசையாக அனுப்பினது, போடாமல் விட மனம் வருமா தங்கச்சி?" என்றார். அந்தப் போத்தல்களைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரும் தவறு செய்யவில்லை, எல்லாரும் அன்பாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

மருந்தைக் கம்பனிப் பெயரால் எழுதாமல் பொதுப்பெயரால் எழுத வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பொதுப்பெயரால் விலை மட்டும் குறைவதில்லை. நோயாளி எதை விழுங்குகிறார் என்பது நோயாளிக்கும் தெரியவரும். ஆகவே அம்மாவுக்கு மூன்றே மூன்று பெயர்களைப் பாடமாக்கிக் கொடுங்கள்: அவர் போடும் சீனிக் குளிசைகளின் பொதுப்பெயரும் பிறஷர்க் குளிசையின் பொதுப்பெயரும். எந்தக் கடையில் எதை வாங்கினாலும் அந்தப் பெயர் அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இன்னொன்று. உறையின் மேல் எழுதுவதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. 1847 இல் அமெரிக்காவில் இருந்து வந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தம் பணியை உங்கள் வட்டுக்கோட்டையில்தான் தொடங்கினார். பிறகு மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். அந்த மண்ணில் பிறந்த ஓர் அம்மா, தன் குளிசை உறையில் உள்ள ஆங்கிலச் சுருக்கெழுத்தை வாசிக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடுவது எனக்கு இன்னும் மனவருத்தம். "காலை 1, இரவு 1, சாப்பாட்டுடன்" என்று எழுத ஐந்து விநாடி போதும். யன்னலில் கூட்டம் நெருக்கும்போது நாங்களே அதைத் தவறவிடுகிறோம். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள், கேட்கச் சொல்லுங்கள்.

இனித் தனியார் பக்கம். பலருக்குத் தெரியும், ஆனாலும் மறந்துவிடுவார்கள்: காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கும் அதே விசேட வைத்திய நிபுணர்தான் பெரும்பாலும் மாலையில் தனியார் வைத்தியசாலையில் இருந்து பார்க்கிறார். நீங்கள் அங்கே காசு கொடுத்து வாங்குவது கொஞ்சம் கூடுதல் நேரமும் ஒரு மின்விசிறியின் கீழ்க் கதிரையும். அதில் தவறில்லை, சில வேளைகளில் அது தேவையும்கூட. ஆனால் அங்கே தருவது ஒரு துண்டு. அந்தத் துண்டு கொப்பிக்குள் வராவிட்டால், கிளினிக் டொக்டருக்கு அது நடக்காத விடயம். ஆகவே வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, அரசாங்கத்தில் திகதி தள்ளிப்போகும் கண் பரிசோதனைக்கோ, ஆய்வுகூடத்தில் அன்றைக்குச் செய்ய முடியாத இரத்தப் பரிசோதனைக்கோ தனியாரைப் பயன்படுத்துங்கள். முடிவைக் கொப்பியில் ஒட்டச் சொல்லுங்கள். கிளினிக்கில் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று எழுதித் தந்தால், ஒசுசல என்ற அரச மருந்துக் கடையில் முதலில் விசாரியுங்கள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அரைக் குளிசையாகவும் ஒருநாள் விட்டு ஒருநாளாகவும் போட்டுச் சமாளித்தவர்கள் ஏராளம். அப்படி ஒரு நிலை திரும்பவும் வந்தால், அளவைத் தானாகக் குறைக்காமல் டொக்டரிடம் மாற்று மருந்து கேட்கவேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்.

அம்மா போவது யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கா, அருகில் உள்ள பிரதேச வைத்தியசாலைக்கா என்று நீங்கள் எழுதவில்லை. பெரியாஸ்பத்திரி என்றால், அதை மாற்றுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. வடமாகாணத்தின் பெரிய போதனா வைத்தியசாலை, அதாவது மருத்துவ மாணவர்கள் பயிலும் ஆஸ்பத்திரி, அது. நெடுந்தீவில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் சிக்கலான நோயாளிகள் அங்கேதான் வந்து குவிகிறார்கள். சீனியும் பிறஷரும் ஒரு கட்டுக்குள் இருக்கும் அம்மாவுக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை. "பக்கத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஒரு கடிதம் தாருங்கள்" என்று கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. போதனா வைத்தியசாலை மத்திய அரசின் கீழ் வருகிறது. பிரதேச வைத்தியசாலைகளும் தெல்லிப்பளை, பருத்தித்துறை, சாவகச்சேரி போன்ற ஆதார வைத்தியசாலைகளும் மாகாண நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஓரிடத்துப் பதிவு மற்ற இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்காதீர்கள். கடிதத்தையும் கொப்பியையும் அம்மா கையில் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் பணத்துக்கு வேலை இருக்கிறது என்றேன். கிளினிக் நாளுக்கு நம்பிக்கையான ஓர் ஓட்டோக்காரரை மாதக் கணக்கில் ஒழுங்குசெய்யுங்கள். முடிந்தால் துணைக்கு ஒரு பிள்ளை. இரண்டாவது காது ஒன்று இருந்தால் டொக்டர் சொன்னதில் பாதியாவது வீட்டுக்கு வந்து சேரும். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றுடன் போகும் நாளில், காலைச் சீனிக் குளிசையை வீட்டில் போட்டுவிட்டுப் போகக்கூடாது. குளிசையையும் சாப்பாட்டையும் பையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு இரண்டையும் சேர்த்து எடுக்கவேண்டும். வரிசையில் மயங்கி விழுகிறவர்களில் பலர் இதைத் தெரியாதவர்கள்தான்.

சீனி அளக்கும் கருவி வாங்கிக் கொடுங்கள், ஆனால் இங்கேயே வாங்குங்கள். கனடாவில் மில்லிமோலில் காட்டும், இங்கே பெரும்பாலும் மில்லிகிராமில் சொல்வார்கள். அங்கிருந்து வந்த கருவியில் 8 என்று பார்த்துவிட்டு, "ஐயோ, சீனி அடியோடு இறங்கிவிட்டது" என்று சீனித் தண்ணீர் குடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த 8, எங்கள் கணக்கில் 144. பதினெட்டால் பெருக்கினால் சரியாக வரும். அம்மா தொலைபேசியில் 130 என்று சொன்னால் நீங்களும் அங்கே பதறத் தேவையில்லை. பதினெட்டால் பிரித்துப் பாருங்கள். கருவிக்குப் போடும் பட்டிகளும் இங்கே கிடைக்கும் வகையாக இருக்கவேண்டும்.

அந்த ஒரு நாள் அளவை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது சோற்றைக் குறைத்து நல்ல அளவு காட்டுவது எங்கள் ஊரில் பலரும் செய்வது. எச்.பி.ஏ.1சி என்ற பரிசோதனை கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும்; அதை வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்யுங்கள். பொதுவாக 7 வீத அளவில் இருக்கவேண்டும் என்பார்கள். வயதையும் மற்ற வருத்தங்களையும் பார்த்து டொக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்லக்கூடும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில். இவை மூன்றும் கொப்பியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாதங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடச் சீனி, கால் நரம்பை மெல்ல மெல்ல மரக்கவைத்திருக்கக்கூடும். ஒரு ஐயா, நடக்கும்போது கால் கொஞ்சம் பாரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு மருந்து எடுக்க வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலில் வேலி முள் ஒன்று முறிந்து உள்ளே நின்றது. சுற்றிவரச் சதை வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது. எத்தனை நாள் என்று அவருக்கே தெரியாது, ஏனென்றால் அவருக்கு நோவே இல்லை. நோவு இல்லாததுதான் ஆபத்து. விரல் போவதும், கால் போவதும் இப்படி ஒரு முள்ளில், ஒரு கொப்புளத்தில்தான் தொடங்குகிறது.

அம்மா நல்லூர்த் திருவிழாவுக்குப் போவாரா? போகாமல் இருக்கமாட்டார். ஆவணி வெயிலில், வீதியில் பரப்பிய மணல் பகல் பதினொரு மணிக்கு எப்படிச் சுடும் என்று உங்களுக்கும் தெரியும். நல்ல கால் உள்ளவர்கள் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடுவார்கள். மரத்த கால் ஆறுதலாக நின்று வெந்துபோகும். போகவேண்டாம் என்று சொல்லாதீர்கள், அந்தப் பேச்சை அவர் கேட்கவும் மாட்டார், கேட்கவும் தேவையில்லை. வெயில் ஏறுமுன் காலைப் பூசைக்குப் போகட்டும், அல்லது மாலையில் போகட்டும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். திருவிழா நாளில் மட்டும் அல்ல, ஒவ்வொரு இரவும். முற்றத்தில் இறங்கும்போதும் செருப்பு வேண்டும்.

கந்தசஷ்டியும் அப்படித்தான். ஆறு நாளும் ஒருவேளை பாலும் பழமும், சிலர் தண்ணீர் மட்டும். சாப்பிடாமல் கிளிக்லசைட் போட்டால் சீனி இறங்கும்; சரி, விரதம் என்று எல்லாக் குளிசையையும் நிறுத்தினால் ஏறும். விரதத்துக்கு முந்திய கிளினிக்கிலேயே, "நான் சஷ்டி பிடிக்கப் போகிறேன்" என்று சொன்னால் எந்தக் குளிசையை எப்போது எடுப்பது என்று டொக்டர் மாற்றி எழுதுவார். ஏசுவார்கள் என்ற பயத்தில் மறைத்துவிடுகிறார்கள். அளவு 70க்குக் கீழே போனாலோ, கை நடுங்கி வியர்த்தாலோ, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணித்தியாலத்தில் திரும்ப அளக்கவேண்டும். முருகன் கோபிக்கமாட்டார்.

சாப்பாட்டில் இரண்டு நம்பிக்கைகளைத் திருத்தவேண்டும். பனங்கட்டி இயற்கையானது, அதனால் சீனி ஏறாது என்பது சரியல்ல, அதுவும் சீனிதான். குரக்கன் புட்டு நல்லதுதான், ஆனால் குரக்கன் என்பதற்காக ஒரு நீத்துப்பெட்டிக்குப் பதில் இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் அது மாவுதான். கைதடியில் சித்த மருத்துவம் பார்க்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அம்மாவும் பார்த்தால் அதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், இதை நிறுத்திவிட்டு அதை எடுப்பது மட்டும் வேண்டாம்.

ஆனால் உங்கள் அம்மாவின் சாப்பாட்டில் என் கவலை பனங்கட்டி அல்ல. தனியாக இருக்கும் அம்மாக்கள் சமைப்பதில்லை. "ஓர் ஆளுக்கு எதற்கு உலை?" என்று கேட்பார்கள். காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் நேற்றைய சோறு, இரவில் பிஸ்கற்றும் தேநீரும். நீங்கள் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "ஓம்" என்பார், அது பொய்யும் அல்ல. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வளவில் நின்று முற்றும், பறித்து வறுக்க மனம் வராது. பக்கத்தில் சமைக்கும் ஒரு குடும்பத்துடன் பேசி, மத்தியானச் சாப்பாட்டுக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். போத்தலில் அனுப்பும் எந்த மருந்தையும்விட அது அவருடைய சீனியைக் கட்டுப்படுத்தும்.

பிற்காலத்தில் இன்சுலின் தொடங்கினால் பயப்படாதீர்கள். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, மண்பானையில் ஈரத்துணி சுற்றி இன்சுலினைக் காப்பாற்றியவர்கள் இங்கே இருக்கிறார்கள். திறந்த குப்பியை வெக்கை படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துப் பயன்படுத்தலாம். நெஞ்சு நோவு, வாய் கோணல், கை விளங்காமல் போவது, நினைவு தடுமாறுவது என்றால் ஓட்டோ தேடாமல் 1990. இலவசம். 2018 ஜூலையில் இருந்து யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது. அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அம்மா ஏன் தனியாரிடம் போக மறுக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். காசை வீணாக்கக்கூடாது என்று அவர் சொல்லியிருப்பார். நான் யன்னலுக்குள் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். ஏழு மணிக்கே காத்திருப்பவர்கள் இருக்கும் நீள வாங்கு நிறைந்துவிடும். யாருக்கு யார் பக்கத்தில் இருப்பது என்பதுகூட வழக்கமாகிவிட்டது. போத்தலில் கொண்டுவந்த கோப்பியைப் பங்கிடுவார்கள், மகன் அனுப்பிய பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுவார்கள், கொப்பியை மாற்றி மாற்றிப் பார்த்து "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். அடுத்த கிளினிக் நாள் இரவு நீங்கள் அழைக்கும்போது, சீனி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இன்று பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாதம் உங்கள் அம்மா போகவில்லை என்றால், "வட்டுக்கோட்டை அம்மாவைக் காணவில்லையே" என்று முதலில் கேட்பது அந்த வாங்கில் இருப்பவர்கள்தான்.